காந்த வடிகட்டி: வேறு சொல் உண்டா?

*இலண்டனிலிருந்து*

குழுமத்தாருக்கு வணக்கம்.

நான் இங்கே வீடுகளுக்கு ஹீற்றிங் பூட்டுவதும் திருத்துவதுமாக இருப்பவன். எங்கட ஆக்களில் வயதுபோன பலர் தனியாகத்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதத் தொடங்கி, ஒரு சொல்லிலேயே இரண்டு கிழமையாக நிற்கிறேன்.

பொயிலரில் சூடான தண்ணீர் குழாய்வழியே, அறைகளைச் சூடாக்கும் றேடியேற்றர் எல்லாம் சுற்றித் திரும்பவும் பொயிலருக்கே வரும். றேடியேற்றர் உருக்குத் தகடு. உள்ளே நிற்கும் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு என்பதால் அந்த இரும்பு சிவப்பாகக் கறள் கட்டாது. கறுப்பு ஒட்சைட்டாக மாறி, மை போன்ற சேறாகத் தண்ணீரோடு ஓடும். றேடியேற்றர் மேலே சுட்டு, கீழே குளிர்ந்து கிடந்தால் அடியில் இந்தச் சேறு படிந்துவிட்டது என்று பொருள். (கீழே சுட்டு மேலே குளிர்ந்தால் அது காற்று. திறப்பால் திருகி வெளியே விட்டால் சரி.) சேறு பொயிலரின் வெப்பமாற்றிக்குள் (நெருப்பின் சூட்டைத் தண்ணீர் வாங்கும் இடம்) போனால்தான் பெரிய செலவு. அங்கே தண்ணீர் போகும் வழி மிக ஒடுக்கம்.

நல்ல காலம், இந்தக் கறுப்புத் தூள் காந்தத்தில் ஒட்டும். ஆகவே பொயிலருக்குத் திரும்பும் குழாயில், பொயிலருக்குச் சற்று முன்னால், நடுவில் காந்தத் தண்டு வைத்த ஒரு குடுவையைப் பூட்டுகிறோம். 2019இல் திருத்தப்பட்ட பி.எஸ். 7593 என்ற பிரித்தானிய நடைமுறை விதியும் இப்படி ஒன்றை நிரந்தரமாகப் பூட்டச் சொல்கிறது. வருடாந்த சேர்விசின்போது திறந்து துடைக்கவேண்டும்.

சனம் இதை ‘மக்னெற் பில்ற்றர்’ என்கிறது. நான் ‘காந்த வடிகட்டி’ என்று எழுதி ஒரு அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். “தேத்தண்ணி வடி மாதிரியோ தம்பி? அடைச்சால் புதுசு வாங்கவேணுமே?” என்றார். சில வகைகளில் சின்ன வலையும் உண்டு; ஆனால் முக்கிய வேலை காந்தத்துடையது. புதுசு தேவையில்லை, துடைத்தால் போதும். சொல்தான் அவரைக் குழப்பிவிட்டது.

*ஸ்கார்பரோவிலிருந்து*

தம்பி, வடிகட்டிக்கு என்ன குறை? இங்கே கனடாவில் வீட்டைச் சூடாக்கிற பேர்னசுக்கு நான் இருபது வருசமாக வடிகட்டி மாத்துறன். 16க்கு 25 அங்குலம், ஒரு அங்குலத் தடிப்பு, அட்டைச் சட்டம். அம்புக்குறி பேர்னஸ் பக்கம் பார்க்கச் செருகவேணும். குளிர்காலத்தில் மாதம் ஒருக்கா எடுத்து வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்ப்பன். சாம்பல் நிறமாகி ஊடாக வெளிச்சம் வராவிட்டால் குப்பைக்குள்ளே. புதுசு வாங்கத்தான் வேணும்!

*இலண்டனிலிருந்து*

அண்ணை, உங்கட வீட்டில் ஓடுவது சூடாக்கிய காற்று, எங்கட வீட்டில் தண்ணீர். உங்கட பேர்னசில் இருப்பது காற்றை விட்டுத் தூசியை மறிக்கும் அசல் வடிகட்டி. அதற்கு ‘காற்று வடிகட்டி’ பொருந்தும். ஆங்கிலக்காரன் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தான் என்பதற்காக நாமும் ஒரே பெயர் வைக்கவேண்டுமா?

*மதுரையிலிருந்து*

எங்கள் ஊரில் வீட்டைச் சூடாக்க வெயிலே போதும், அதனால் கருவியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. சொல்லைப் பற்றிப் பேசலாம்.

அரிசி வடித்தாலும் காப்பி வடிகட்டினாலும் ஒன்று கீழே இறங்கும், ஒன்று மேலே தங்கும். நீங்கள் சொல்வதில் அப்படி எதுவும் இல்லை. ‘அரி’ என்று பழைய வேர் ஒன்று உண்டு. நெய்யை அரிக்கும் பன்னாடைக்கு நெய்யரி என்று பெயர். ஆனால் இரும்பு அரித்துப்போவதும் அதே அரிப்புதான். ‘அரிப்பான்’ என்றால் நோயா மருந்தா என்று தெரியாது. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையை நினைத்துத் ‘தெளிப்பான்’ என்றால் பூச்சிமருந்து அடிப்பது என்பார்கள்.

‘துருப்பிடிப்பான்’ என்று யாரோ கட்டாயம் எழுதுவார்கள். வேண்டாம், துருப்பிடித்த சாமான் போலக் கேட்கும்.

காலில் முள் தைத்தால் எடுக்க என் பாட்டி ஒரு சிறு குறடு வைத்திருப்பாள். அதன் பெயர் முள்வாங்கி. வாங்குதல் என்றால் இழுத்து வெளியே எடுத்தல். உங்கள் காந்தம் செய்வதும் அதுவே. துருவாங்கி என்று வைத்துப் பாருங்களேன்.

*ஸ்கார்பரோவிலிருந்து*

துருவாங்கி எண்டால் தேங்காய்த் துருவல் வாங்கிற பாத்திரம் போல இருக்கு. துருத்தடுப்பான்?

*இலண்டனிலிருந்து*

துருத்தடுப்பானை விட்டுக்கொடுக்க ஏலாது அண்ணை. தண்ணீரில் கலக்கும் மருந்து ஒன்று இருக்கிறது, இன்கிபிற்றர். கறள் வராமல் தடுப்பது அது, அந்தப் பெயர் அதற்கே வேண்டும். குடுவையில் உள்ள காந்தம் எதையும் தடுப்பதில்லை, வந்த பிறகு இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் ஒன்றென்று நினைத்து, காந்தம் பூட்டியாயிற்று மருந்து எதற்கு என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

ஐயா, முள்வாங்கியை எங்கட அம்மம்மாவும் வைத்திருந்தா. நாங்கள் ஒலிவாங்கி என்று மைக்கைச் சொல்லிப் பழகியவர்கள்தான், ஆனாலும் முள்வாங்கி எனக்கு நினைவுக்கு வரவில்லை, பாருங்கள். ஒரே ஒரு திருத்தம்: யாழ்ப்பாணத்து வீடுகளில் துரு என்பதைவிடக் கறள் என்பதே வாயில் வரும். ‘கறள்வாங்கி’ என்றால் தேங்காய்த் தொல்லையும் போய்விடும்.

*மதுரையிலிருந்து*

கறள் எனக்கு இன்றுதான் தெரியும். அகராதியில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். வீட்டுக்காரர்கள் பேசும் சொல்லே நிற்கட்டும். இங்கே எழுதும்போது நான் துருவாங்கி என்பேன், இரண்டும் இருக்கட்டும். சிவப்புத் துரு அல்லவே என்று வேதியியல்காரர் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

*இலண்டனிலிருந்து*

அதே அம்மாவிடம் திரும்பக் கொண்டுபோனேன். ‘கறள்வாங்கி’ என்றதும் “அப்ப அதுக்குள்ளே கறள் நிறைஞ்சிருக்கும், கழுவோணும்” என்றார். நான் விளக்கம் தொடங்கவே இல்லை.

குறிப்பில் இப்போது இப்படி நிற்கிறது, பிழை இருந்தால் சொல்லுங்கள்:

“பொயிலரை நிறுத்தி ஆறவிடுங்கள். கறள்வாங்கியின் இரு பக்க வால்வையும் மூடுங்கள். கீழே வாளி வைத்து, அழுத்தத்தை மெல்ல விட்டபின் மூடியைத் திறவுங்கள். காந்தத்தில் ஒட்டிய கறுப்புச் சேற்றைத் துணியால் வழித்துக் கழுவுங்கள். கம்பளத்தில் பட்டால் போகாது. மூடியின் றப்பர் வளையத்தைப் பார்த்து வைத்து இறுக்குங்கள். வால்வுகளைத் திறந்து, காற்றை வெளியே விட்டு, பொயிலர் அழுத்தமானி 1க்கும் 1.5க்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். பொயிலரின் மூடியை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள். அது பதிவுபெற்ற காஸ் வேலைக்காரரின் வேலை.”

‘அழுத்தமானி’க்கும் அந்த அம்மா முகம் சுளித்தார். அதற்கு நாளை வேறு இழை தொடங்குகிறேன்.