புதுப்பிப்பு: தரையில் வரைந்த பொங்கல் பானை எழுந்து நின்றுவிட்டது

அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, நிஜமாய் எழுந்து நிற்பதுபோல் தெரியவேண்டும் என்று சாக்கட்டியில் வரைந்த பானை ஏன் தட்டையாகவே தெரிகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பார்ப்பவர் நிற்கும் இடத்தை முதலில் முடிவு செய்யச் சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி, தப்பு அங்கேதான்.

கண் உயரம் 1.5 மீட்டர், பானை 3 மீட்டர் தள்ளி, அது அரை மீட்டர் உயரமாய்த் தெரிய வேண்டுமென்றால் தரையில் 1.5 மீட்டர் நீளத்துக்கு இழுக்க வேண்டும், வாயையும் ஒன்றரை மடங்கு அகலமாக வரைய வேண்டும். நான் அதில் பாதிகூட இழுக்கவில்லை. இந்த முறை கைப்பேசியை முக்காலியில் அதே உயரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு கோட்டுக்கும் திரையைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். அப்புறம் அடியில் நீலமும் கறுப்பும் விரலால் தேய்த்து நிழல் போட்டேன், பானை சட்டென்று தரையை விட்டு எழுந்தது!

நகர மன்றத்திடம் அனுமதி வாங்கித்தான் வரைந்தேன், நீங்களும் கேட்காமல் தொடங்காதீர்கள். சாயங்காலச் சாரலில் ஓரம் கொஞ்சம் கரைந்துவிட்டது. ஆனாலும் மார்க்கெட்டிலிருந்து வந்த பாட்டி பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பானையைச் சுற்றித்தான் போனார்.