உறவினர்களான பேரரசர்களால் 1914-இல் மூண்ட முதல் உலகப் போரை ஏன் தடுக்க முடியவில்லை?

கேள்வி – கோத்தகிரி ஆசிரியை

பன்னிரண்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறேன். ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம், இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜுக்கு அத்தை மகன். ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸ், அதே ஜார்ஜுக்குச் சித்தி மகன். நிக்கோலஸின் மனைவி அலெக்சாண்ட்ராவோ வில்ஹெல்முக்குச் சித்தி மகள். இவற்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது, "பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஹட்டிகளுக்குள் (படகர் ஊர்களுக்குள்) தகராறு வந்தால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்களே, இவர்கள் ஏன் பேசவில்லை?" என்று படகர் வீட்டு மாணவி ஒருத்தி கேட்டாள். பாடநூல் கூறும் கூட்டணிகளும் ஆயுதப் போட்டியும் அவள் கேள்விக்கு விடையாகா என்று எனக்குப் படுகிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – குன்னூர் வாசகர்

அம்மா, அவர்கள் பேசினார்கள் என்பதே இதில் வேதனையான செய்தி. ஜூலை 29 தொடங்கி, நிக்கோலஸும் வில்ஹெல்மும் 'நிக்கி', 'வில்லி' என்று கையொப்பமிட்டு ஆங்கிலத்திலேயே தந்திகள் அனுப்பிக்கொண்டனர். ஆஸ்திரியா–செர்பியா வழக்கை ஹேக் நகரிலிருந்த பன்னாட்டு நடுவர் மன்றத்திடம் ஒப்படைக்கலாம் என்றுகூட நிக்கோலஸ் ஒரு தந்தியில் கேட்டார். 29 இரவு வில்ஹெல்மின் தந்தியைப் படித்துவிட்டு, முழுப் படைதிரட்டல் ஆணையை நிக்கோலஸ் நிறுத்தியும் வைத்தார். ஆனால் பாதிப் படையை மட்டும் திரட்டினால் ரயில் கால அட்டவணை முழுவதும் குலைந்துவிடும் என்று தளபதிகள் வற்புறுத்த, வெளியுறவு அமைச்சர் சசோனோவும் மன்றாட, மறுநாளே அந்த ஆணைக்கு மீண்டும் இசைந்தார். ஆகஸ்ட் 1 அன்று பெர்லினிலும் இதுவே நடந்தது: படையைக் கிழக்கே ரஷ்யாவை நோக்கி மட்டும் அனுப்பலாம் என்று வில்ஹெல்ம் சொன்னபோது, இலட்சக்கணக்கானோரின் நகர்வை ஓர் இரவில் மாற்ற இயலாது என்று தளபதி மோல்ட்கே மறுத்தார். உறவு அரண்மனையில் இருந்தது. போரின் விசை ராணுவத் தலைமையகத்தில் இருந்தது.

பதில் – வெலிங்டனிலிருந்து ஒரு முன்னாள் படைவீரர்

தளபதிகள் மீது முழுப் பழியையும் சுமத்துவதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆஸ்திரியா என்ன செய்தாலும் ஜெர்மனி துணை நிற்கும் என்று ஜூலை 5 அன்று போட்ஸ்டாமில் ஆஸ்திரியத் தூதரிடம் வாக்களித்தவர் வில்ஹெல்மே. அந்த வாக்குறுதியை எந்தத் தளபதியும் அவரிடமிருந்து பறிக்கவில்லை.

பதில் – உதகை வாசகி

ஐயா சொல்வது சரி. அதனுடன் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வில்ஹெல்மின் தம்பி ஹைன்ரிச் ஜூலை 26 அன்று லண்டனில் ஜார்ஜைச் சந்தித்து, இங்கிலாந்து நடுநிலை வகிக்கும் என்று அண்ணனுக்கு எழுதினார். வில்ஹெல்ம் அதை ஓர் அரசரின் வாக்காக நம்பினார். ஆனால் இங்கிலாந்தில் போரை முடிவு செய்வது அமைச்சரவைதான்; ஜார்ஜின் சொல்லுக்கு அந்த வலிமை இல்லை. அதிகாரத்தை முன்பே விட்டுக்கொடுத்திருந்த அந்த அரச மரபு மட்டுமே நிலைத்தது. நிக்கோலஸ் 1917 மார்ச்சில் முடி துறந்தார். அவருக்குப் புகலிடம் தர அமைச்சரவை இசைந்த பிறகும், உள்நாட்டு எதிர்ப்புக்கு அஞ்சி அதைக் கைவிடச் செய்தவர் ஜார்ஜே. 1918 ஜூலையில் நிக்கோலஸ் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் வில்ஹெல்ம் நெதர்லாந்துக்குத் தப்பினார். உங்கள் மாணவியிடம் இந்தப் புகலிட மறுப்பையும் சொல்லுங்கள், அம்மா. சித்தி மகனைக் கைவிட்ட முடிவு அமைச்சர்களிடமிருந்து அல்ல, அரண்மனையிலிருந்தே புறப்பட்டது.