மோல்மேன் தேக்கும் ஐராவதி ஸ்டீமரும்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் வீட்டு முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களின் படங்களைப் போட்டு, இத்தனை வருஷமாகியும் ஏன் செல்லரிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மர வியாபாரக் கதையை மற்றவர்கள் எழுதிவிட்டதால் நான் கப்பல் பக்கம் போகிறேன்.

மோல்மேன், பர்மாவில் (இன்றைய மியான்மர்) சால்வீன் ஆறு கடலைத் தொடும் இடத்தில் இருக்கிற ஊர். 1826இல் வெள்ளைக்காரன் கைக்குப் போனது, கொஞ்ச காலத்திலேயே கப்பல் கட்டும் ஊராகிவிட்டது. காரணம் தேக்குதான். காட்டில் அதை உடனே வெட்டிச் சாய்ப்பதில்லை. அடிமரத்தில் பட்டையையும் அதற்கு அடுத்த வெளிறையும் (வெளிப்பக்க மெல்லிய மரம்), வைரம் (உள்ளே இருக்கும் கெட்டி மரம்) தெரியும்வரை வளையமாகச் செதுக்கிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருஷம் காயவிடுவார்கள், ஏனென்றால் பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அப்புறம் யானை இழுத்துப்போய் ஓடையில் தள்ளும், மழைக்கால வெள்ளம் ஆற்றில் கொண்டு சேர்க்கும். ஓக் மரத்தில் இரும்பாணி அடித்தால் மரத்திலுள்ள அமிலமே ஆணியைத் தின்றுவிடும். தேக்கில் இருக்கும் எண்ணெய் ஆணியையும் சேர்த்துக் காக்கும். பிரிட்டிஷ் கடற்படையின் மலாக்கா என்ற போர்க்கப்பல்கூட 1853இல் மோல்மேனில்தான் நீரில் இறங்கியது. ஆனால் உடம்பு மட்டும்தான் அங்கே. நீராவி எஞ்சினை இங்கிலாந்து போன பிறகுதான் பொருத்தினார்கள்.

எனக்கு வேடிக்கையாக இருப்பது இதற்கு அடுத்து நடந்தது. 1865இல், பர்மாவின் ஐராவதி ஆற்றில் ஸ்டீமர் (நீராவிக் கப்பல்) ஓட்டிய ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி வருகிறது, கதை அப்படியே தலைகீழாகிறது. இப்போது ஸ்டீமர் ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் பட்டறையில் உருவாகி, துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு, ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் டல்லாவில் மறுபடி ஒன்று சேர்ந்தது. மரம் போய் எஃகு. பெரிய ஸ்டீமர்கள் 326 அடி நீளம், ஆனாலும் சில அடித் தண்ணீர் இருந்தால் போதும், இரண்டு பக்கமும் சரக்குப் படகைக் கட்டிக்கொண்டு போகும்.

கோடையில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். முன்னால் ஒருவர் வண்ணப் பட்டை போட்ட மூங்கிலை ஆற்றில் குத்திக் குத்தி ஆழத்தை ராகமாகக் கத்துவார், பெரும்பாலும் சிட்டகாங்காரர். "மாண்டலே போய்ச் சேரும்வரை மதியத் தூக்கம் கிடையாது" என்று எங்கள் ஐயா சொல்வார், அந்த ராகத்தைப் பாடியும் காட்டுவார்.

1942இல் ஜப்பான் படை நெருங்கியபோது கம்பெனியே தன் ஸ்டீமர்களை ஆற்றில் மூழ்கடித்தது. ஐயா அதைப் பற்றி மட்டும் அதிகம் பேசமாட்டார்.

சரி, ஒரு வேண்டுகோள். மர வியாபாரிகள் கட்டைகளின் முனையில் சுத்தியலால் முத்திரை குத்துவது வழக்கம். யார் வீட்டுப் பரணிலாவது அறுக்காமல் மிஞ்சிய பர்மாக் கட்டை கிடந்தால், முனையைத் துடைத்துப் பார்த்து ஒரு படம் அனுப்புங்கள். பழைய ஸ்டீமர் டிக்கெட் இருந்தால் அதுவும்.