இரண்டு பாஸ்போர்ட், ஒரு ஷெங்கன் விசா: எதில் விண்ணப்பிப்பது?

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு நாட்டுக் குடியுரிமை உண்டு. வசிப்பது மூன்றாவது நாட்டில். இரண்டு பாஸ்போர்ட்டுக்குமே ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) சுற்றுலா விசா தேவை. வசிக்கும் நாட்டிலுள்ள தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது வரை தெளிவு.

சிக்கல் இதுதான். என் வசிப்பிட அட்டை முதல் பாஸ்போர்ட்டின் பேரில் இருக்கிறது. ஆனால் அதில் ஒரே ஒரு பக்கம்தான் காலி. தூதரகத்தில் கேட்பது இரண்டு. பயணம் முடிந்த பிறகும் 3 மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்ற விதிக்கும் அது பத்தாது. இரண்டாவது பாஸ்போர்ட் புத்தம் புதிது. ஆனால் அதில் என் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது; அட்டையோடு ஒத்துப்போகாது.

படிவத்தில் 'பிற குடியுரிமைகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எதையும் மறைக்க எனக்கு மனமில்லை, இரண்டையும் எழுதத்தான் போகிறேன். புதியதில் விண்ணப்பித்து, அட்டையையும் பழைய பாஸ்போர்ட்டின் நகலையும் ஒரு விளக்கக் கடிதத்தோடு வைத்தால் ஏற்பார்களா? இல்லை, முதலில் பழையதைப் புதுப்பித்துவிடுவதுதான் நல்லதா?

பயணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அம்மாவை முதன்முறையாக வெளிநாடு கூட்டிப்போகிறேன், தப்பு நடந்துவிடக் கூடாது. இப்படி விண்ணப்பித்த அனுபவம் இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.