மறுமொழி: மூட்டுக்குழியாதலா மூட்டவிழ்வா

எல்லாருக்கும் வணக்கம். முளையத்தில (வயித்துக்குள்ள வளரத் தொடங்கின கருவில) ஒரே கோலாக் கிடக்கிறது விடுபட்டு நடுவில மூட்டு இடைவெளி வாறதுக்கு (joint cavitation) விக்சனரியில, அதுதான் இணைய அகராதியில, போட ஒரு தமிழ்ச் சொல் தேடுறமல்லோ, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

சேர் போன மடலில "மூட்டுக்குழியாதல்" எண்டு போட்டிருந்தீங்கள், அகராதிப்படி பிழையில்லைத்தான், ஆனா குழி எண்டா ஆரோ தோண்டினமாதிரிக் கிடக்கு, உள்ளுக்க ஒருத்தரும் தோண்டேல்லை. முளையத்தின்ர கையில முதல் வாறது இடையில முறிவில்லாத ஒரே கசியிழையக் (குருத்தெலும்பு) கோல், முழங்கை வரப்போற இடத்தில மட்டும் கலங்கள் (செல்கள்) நெருங்கிப் படையா நிக்கும் (அதுக்கு இடைவலயம் எண்டதில இஞ்ச சண்டை இல்லையெண்டு நினைக்கிறன்), பேந்து அந்தக் கலங்கள் ஹயலூரோனன் எண்ட வழுவழுப்பான பொருளைச் சுரக்க ரெண்டு பக்கமும் விடுபட்டு நடுவில திரவம் நிக்கும். மனிசருக்கு இது எட்டாம் கிழமையளவில.

அதாலதான் நான் "மூட்டவிழ்வு" எண்டுறன். மொட்டும் அவிழுது முடிச்சும் அவிழுது, ரெண்டிலயும் ஒண்டும் உடையிறேல்லை. "பிளவு", "விலகல்" எல்லாம் வேண்டாம், சனம் எலும்பு முறிவு வாட்டுக்குப் போயிடும்.

பிள்ளை அசையிறதாலதான் மூட்டு வருது எண்ட கருத்தில தங்கச்சி கேட்ட "துடிப்புவழி மூட்டாக்கம்" கேக்க வடிவாத்தான் இருக்கு, எங்கட கிளினிக்குகளில "பிள்ளை துடிக்குதோ" எண்டுதானே கேக்கிறவை. ஆனா தாய்க்குத் துடிப்புத் தெரியிறது 16, 20 கிழமைக்குள்ள, மூட்டு அவிழுறது அதுக்கு எவ்வளவோ முன்னம், அந்த நேரம் முளையம் அசையத் தொடங்கியிருக்கும் ஆனா வயித்துக்கு வெளியில ஒருத்தருக்கும் விளங்காது. இன்னொண்டு, "துடிப்பின்மை" எண்டு எழுதினா வாசிக்கிற தாய் இதயம் நிண்டுபோச்சு எண்டு பயந்திடுவா. அசைவு எண்டே வைப்பம்.

அந்த அசைவையும் பேருக்குள்ள போடக்கூடாது எண்டது என்ர கட்சி. 1966 இல ட்ராக்மன், சொகொலோஃப் எண்ட ரெண்டு ஆய்வாளர் கோழி முளையங்களை மருந்தால அசையாமப் பண்ணிப் பாக்க மூட்டுகள் அவிழாம ஒட்டிக்கொண்டது, சரி, அசைவு வேணும். ஆனா பேந்து தசையே இல்லாத எலி முளையங்களில பாத்தா முழங்கையும் தோளும் ஒட்டிப்போச்சு, முழங்கால் தன்ரபாட்டில அவிழ்ந்திருக்கு! ஒவ்வொரு மூட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. காரணத்தைப் பேரில கட்டினா முழங்காலுக்கு வேற பேர் தேடவேணும்.

> சேர் எழுதினது: "அவிழ்ந்த மூட்டு" எண்டா இளகின மூட்டு எண்டு பெடியள் விளங்கிக்கொள்ளுவினம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில 19ஆம் நூற்றாண்டில அமெரிக்க மிஷன் கிறீன் டொக்டர் தமிழில மருத்துவம் படிப்பிக்கேக்க வடமொழிச் சொல் கனக்க எடுத்தவர், பேச்சுச் சொல்லுக்குக் கனக்க அர்த்தம் எண்ட பயமும் இருந்திருக்கும்.

சேர், இளகினதுக்குத் "தளர்ந்த மூட்டு" இருக்கே. கிறீன் டொக்டரில எனக்கு மரியாதை இருக்கு, ஆனா அந்தச் சொல்லுகளில பாதி இண்டைக்கு ஒருத்தருக்கும் விளங்காது. மற்றது நடக்காததையும் நாங்கள் சொல்லவேணும்: "மூட்டவிழாமை" எண்டு லேசா வருது, "மூட்டுக்குழியாகாமை" எண்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ.

ஒண்டை மட்டும் கலக்காதேங்கோ. 3000 பிறப்பில ஒண்டளவில வாற, கைகால் மூட்டுகள் பல விறைச்சபடி பிறக்கிற நிலைமை மூட்டவிழாமை இல்லை. அதில அனேகமா மூட்டு அவிழ்ந்துதான் இருக்கும், பேந்து அசைவு குறைஞ்சதால சுத்தியிருக்கிற இழையம் இறுகிப்போனது. அதுக்குப் "பிறவிப் பல்மூட்டு இறுக்கம்" எண்டு தனியா வைப்பம்.

தமிழ்நாட்டு ஆக்களுக்கு ஒரு கேள்வி: கசியிழையத்தை நீங்கள் குருத்தெலும்பு எண்டுறீங்கள், எங்களுக்கும் விளங்கும், ஆனா முளையத்தில எலும்பே வரமுன்னம் அதைக் குருத்தெலும்பெண்டு சொல்லுறது உங்களுக்கு இடிக்கேல்லையோ? அதுக்கு ஒரு மறுமொழி வந்தாப்பிறகு விக்சனரியில போடுவம்.