இந்தக் குறள் வெண்பாவில் தளை தட்டுகிறதா?

பால்மரத்தான்: நம் சுங்கை சிப்புட் கோயில் கவியரங்கில் மணவிலக்கைப் பற்றி ஒரு பெண் வாசித்த குறள் வெண்பா இது:

கையெழுத்துப் போட்டாள் கலங்கவில்லை கண்ணிரண்டும்
பையெடுத்தாள் பேருந்தைப் பார்த்து.

"தளை தட்டுகிறது, சோகமும் இல்லை" என்று வாத்தியார் ஐயா தீர்ப்பு எழுதிவிட்டார். சீரோடு சீரைச் சேர்க்கும் ஓசைக் கட்டுதானே தளை; அது எங்கே தட்டுகிறது, அதாவது முறிகிறது?

ஓய்வுபெற்ற வாத்தியார்: 'போட்டாள் கலங்கவில்லை' என்ற இடத்தில். வாய்விட்டுப் படித்தால் காதே சொல்லும். மணவிலக்கு இரங்கலுக்குரியது, ஆசிரியப்பாவின் அகவலோசைதான் பொருந்தும்.

பால்மரத்தான்: போட்டாள், நேர் நேர், தேமா. கலங்கவில்லை, நிரை நிரை நேர், கருவிளங்காய். மாச்சீர் முன் நிரையசை, அதாவது வெண்பாவுக்கு உரிய இயற்சீர் வெண்டளை. ஈற்றில் 'பார்த்து', காசு என்னும் வாய்பாடு, அதுவும் வெண்பா முடிவுக்கு ஏற்றதே. காதை விட்டுவிட்டு அசை பிரித்துக் காட்டுங்கள், ஐயா.

ஓய்வுபெற்ற வாத்தியார்: நான் யாப்பு நடத்தியபோது தம்பி அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்தீர்கள். தட்டுகிறது என்றால் தட்டுகிறது.

ஈப்போ மருமகள்: அழுதால்தான் மணவிலக்குக் கவிதையா? வெண்பாவுக்குச் செப்பலோசை, பேசிச் சொல்வது போன்ற ஓசை. நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிற பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்? 'பையெடுத்தாள்' என்ற சீரிலேயே அவள் எழுந்துவிட்டாள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்: எழுந்து எங்கே போகிறாள்? மணவிலக்குக்கு முன் தம்பதியரைச் சேர்த்துவைக்கப் பார்க்கும் சமரசக் குழு என்று ஒன்று இருக்கிறதே, அங்கே போனாளா? சட்டம் தெரியாமல் கவிதை எழுதக் கூடாது.

ஈப்போ மருமகள்: நம் மலேசியத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டது, 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இருவரும் சேர்ந்து மனுச் செய்தால் அந்தக் குழுவுக்குப் போக வேண்டியதில்லை. தீர்ப்பு வந்தாலும் பொதுவாக மூன்று மாதம் கழித்துத்தான் மணவிலக்கு உறுதியாகும். அந்த இடைவெளியில் நிற்கிறவளாக அவளைப் படித்துப் பாருங்கள், ஐயா.

ஓய்வுபெற்ற வாத்தியார்: மூன்று மாதம் கவிதையில் எங்கே இருக்கிறது? நீங்களாகச் சேர்க்கிறீர்கள். நான் கவிதையில் இருப்பதைப் பேசுகிறேன். தளை தட்டுகிறது.

பால்மரத்தான்: போன திருவிழாவில் உங்கள் வெண்பாவுக்கு ஆறுதல் பரிசுதான் கிடைத்தது. அந்தக் கோபத்தை இந்தப் பெண்ணின் மேல் இறக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்: நடுவர் உங்கள் சித்தப்பா. ஊரே அறியும்.

பால்மரத்தான்: சித்தப்பாவுக்குக் கருவிளங்காய் தெரியும்.

ஈப்போ மருமகள்: பேருந்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. ஈற்றடியில் மூன்றே சீர். அவள் பார்க்கிறாள், இன்னும் ஏறவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்: பேருந்து இருக்கட்டும். அவருடைய சித்தப்பா பரிசுப் பணத்துக்கு இன்றுவரை கணக்குக் காட்டினாரா? அதைக் கேளுங்கள். தளையும் தட்டுகிறது.