ஒரு முழத்துக்கும் குறைவாக

சிறுகுடலின் பெரும்பகுதி இல்லாமல், குறுங்குடலோடு வாழும் பிள்ளைகளைப் பற்றிச் சிலர் எழுதிய கடிதங்கள்

திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்:

என் மகன் பிறந்த மூன்றாம் நாள் பச்சையாக வாந்தி எடுத்தான். மாமியார் மாந்தம் என்று சொல்லி உரைமருந்து கொடுத்தார். பிரசவம் பார்த்த இடத்திலோ பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் வயிறு உப்பி, மலத்தில் இரத்தம் கண்ட பிறகுதான் பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். கருவிலேயே சரியாகச் சுழன்று அமையாத குடல், தன் இரத்தக்குழாயைச் சுற்றியே முறுக்கிக்கொண்டு, பெரும்பகுதி கறுத்துப் போயிருந்தது. அறுவை முடித்து வந்த மருத்துவர், நிறைமாதக் குழந்தைக்குச் சிறுகுடல் ஏறத்தாழ 250 சென்டிமீட்டர் இருக்கும், இவனுக்கு 35தான் மிச்சம் என்றார். நானும் மாமியாரும் ஒன்றும் விளங்காமல் நிற்பதைக் கண்டு, தன் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை தொட்டுக் காட்டி, "ஒரு முழம்கூட இல்லை அம்மா" என்றார்.

அதன்பின் ஏழு மாதம் மருத்துவமனையிலேயே டி.பி.என்., அதாவது இரத்தக்குழாய் வழியே செலுத்தும் முழு ஊட்டம், ஏறியது. அதனால் ஈரல் பாதிக்கப்பட்டுக் கண்கள் மஞ்சளித்து, அந்த ஊட்டத்தில் கொழுப்புக்காகத் தந்த சோயா எண்ணெய்க் கரைசலுக்குப் பதிலாக மீனெண்ணெய்க் கரைசல் கொடுத்தபின் மெல்லத் தெளிந்தன. இப்போது அவனுக்கு நான்கு வயது. ஆனாலும் கோயில் வாசலில் பூக்காரம்மா முழம்போட்டு அளக்கும்போது என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடிவதில்லை.

இலண்டனிலிருந்து ஒரு தந்தை:

எங்கள் மகள், குடல் தொப்புளுக்கு வலப்பக்கமாக, உறையேதும் இல்லாமல் வெளியே வந்தபடி பிறந்தாள். அதிலும் ஓரிடத்தில் குடல் அறுபட்டு அடைத்திருந்தது. வீட்டில்வைத்தே இரவில் 12 மணித்தியாலம் சிரைவழி ஊட்டம் ஏற்றுகிறோம். 1968இல் ஃபிலடெல்ஃபியாவில் டக்ளஸ் வில்மோரும் ஸ்டான்லி டட்ரிக்கும், குடல் அடைப்போடு பிறந்த ஒரு குழந்தையை இவ்வாறு வளர்த்ததை எழுதி வெளியிட்டார்கள். அதற்கு முன் பிறந்திருந்தால் எங்கள் பிள்ளை எங்களிடம் இருந்திருக்க மாட்டாள் என்பதை நாங்கள் மறப்பதில்லை.

அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது ஓர் இரவு 38.2 பாகை காய்ச்சல். அவசரப் பிரிவில் இருந்த இளம் வைத்தியர், தொண்டை சிவந்திருக்கிறது, பரசிட்டமோல் கொடுத்துப் பார்ப்போம் என்றார். சென்ட்ரல் லைன் (ஊட்டம் ஏற்றப் பெரிய சிரைக்குள் வைத்திருக்கும் குழாய்) உள்ள பிள்ளைக்கு 38ஐத் தாண்டினாலே லைனிலிருந்து இரத்தம் எடுத்து, தாமதிக்காமல் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து ஏற்ற வேண்டும் என்று எங்கள் மருத்துவக் குழு தந்திருந்த கடிதத்தை மனைவி வாசலில் நின்றபடி உரத்து வாசித்தாள். வைத்தியரோடு தர்க்கம் வேண்டாம் என்று நான் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறிவிட்டு மீண்டும் முதல் வரியிலிருந்து வாசித்தாள். மருந்து ஏறத் தொடங்கிய வேளையில் பிள்ளை நடுங்கி, உதடு சாம்பல் நிறமாகிவிட்டது; லைனில்தான் கிருமி இருந்தது. நான் பிடித்து இழுத்த அந்தக் கணம்தான் இன்றும் என்னை உறங்கவிடுவதில்லை.

மதுரையிலிருந்து ஒரு செவிலியர்:

முதலில் எழுதிய சகோதரி, பழியில் பாதியை மாமியார்மேல் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாந்தம் என்பது அவர் வழிவழியாகக் கேட்டு வளர்ந்த சொல். பிறந்த குழந்தையின் பச்சை வாந்தியைக் குடல் முறுக்கு இல்லை என்று உறுதியாகும்வரை குடல் முறுக்காகவே கருத வேண்டும் என்பது, படித்துப் பணிபுரியும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. பித்தநீர் குடலில் சேரும் இடத்துக்குக் கீழே அடைப்பு இருக்கலாம் என்பதே அந்தப் பச்சைக்குப் பொருள்.

ஓர் இரவுப் பணியில், ஒரு தகப்பனார் குழந்தை வாந்தியெடுத்த துண்டைத் துவைக்காமல் மடித்துக் கொண்டுவந்து, விளக்கின் கீழே விரித்துக் காட்டினார். அரைத்த கீரை போன்ற நிறம். மருத்துவர் அதைப் பார்த்த அந்த நிமிடமே அறுவை அரங்குக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்தக் குழந்தைக்குக் குடலில் ஒரு விரற்கடைகூட இழப்பில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தந்தை:

பழியைப் பற்றிய பேச்சு போதும் என்று செவிலியர் அம்மாவிடம் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். பிள்ளை வீட்டுக்கு வந்தபிறகு நடப்பதை யாரும் எழுதவில்லை. என் மகனுக்கும் குறுங்குடல்தான். ஐந்து வயதில், ஒரு திருமணத்தில் கேசரியும் பழச்சாறும் வயிறாரச் சாப்பிட்டவன், அன்று மாலை நாக்குழறிக் குடித்தவனைப்போலத் தள்ளாடினான். செரிக்காத மாவும் சர்க்கரையும் பெருங்குடலில் புளித்து, டி-லாக்டிக் அமிலம் இரத்தத்தில் ஏறியிருந்தது.

ஆகவே சொல்கிறேன். வழக்கமான லாக்டேட் பரிசோதனை இந்த டி-வகை லாக்டிக் அமிலத்தைக் காட்டாது. மருத்துவரிடம் டி-லாக்டேட் என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பழச்சாறும் சர்க்கரைத் தண்ணீரும் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும், தாகத்துக்கு ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். சிறுகுடலின் கடைப்பகுதியை இழந்த பிள்ளைக்கு பி12 ஊசி தேவைப்படலாம். அந்தச் சத்தை உறிஞ்சும் இடம் அதுதான். எல்லாவற்றையும்விட, டி.பி.என். ஏறுகிறதே என்று வாயைச் சும்மா விட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் எதையும் சுவைக்காத பிள்ளை, பிறகு கரண்டியைக் கண்டாலே ஓங்கரிக்கும். மருத்துவர் சம்மதித்தால் ஒரு துளியாவது நாக்கில் தடவி வாருங்கள். குடலில் உணவு பட்டால்தான் அதுவும் தேறி வளரும்.

திருநெல்வேலித் தாய், மீண்டும்:

கரண்டியைப் பற்றி எழுதியது முற்றிலும் உண்மை. என் மகன் ரசம் சாதத்தை வாயில் வாங்க ஒன்றரை வருடம் ஆனது. அதையும் என் கையிலிருந்து வாங்கவில்லை, மாமியார் கையிலிருந்துதான் வாங்கினான். செவிலியர் அம்மா சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். அந்த வராந்தாவில் மருத்துவர் கையைத் தொட்டுக் காட்டியபோது மாமியாரும் என் பக்கத்தில்தான் நின்றார். அன்றிலிருந்து அவர் முழம்போட்ட பூ வாங்குவதில்லை. உதிரிப்பூ வாங்கி வந்து வீட்டிலேயே தொடுக்கிறார்.